பாலாற்றில் தண்ணீர் வருவதற்கு முன்: கடல் பிளாஸ்டிக்கைக் குறைக்க வேலூர் இளைஞர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கடலைக் காப்பாற்றுவது என்று வேலூரில் ஒரு கல்லூரிக் குழு முடிவெடுத்தால், முதலில் நடப்பது மாமல்லபுரத்துக்கு வேன் பேசுவதுதான். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிளம்பி, கடற்கரையில் இரண்டு மணி நேரம் குப்பை பொறுக்கி, படம் எடுத்து, வரும் வழியில் பிளாஸ்டிக் டப்பாவில் பார்சல் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவார்கள். தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் கடலுக்குப் போகிற கவரை நம் தெருமுனைக் கால்வாயிலேயே பிடிக்க வழியிருக்கும்போது, அது கடலில் விழுந்து, நனைந்து, நைந்து, கரை ஒதுங்கும்வரை காத்திருப்பானேன்?

கடலே இல்லாத ஊரில் இருந்துகொண்டு கடலுக்காக வேலை செய்ய நினைப்பவர்களுக்கு இது. பள்ளிப் பசுமைப் படை, நாட்டு நலப்பணித் திட்டம், என்.சி.சி., இல்லை தெருவில் கிரிக்கெட் ஆடும் பையன்கள் என்று எந்தக் குழுவும் இதைச் செய்யலாம்.

முதலில் பாலாற்றின் குணத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறக்கிறது. ஆந்திரத்தைக் கொஞ்ச தூரம் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், வாலாஜா, காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கமாக ஓடி, கல்பாக்கத்தை அடுத்த வயலூரில் வங்கக் கடலில் சேர்கிறது. மொத்த நீளம் 348 கிலோமீட்டர், அதில் 222 தமிழ்நாட்டுக்குள். குடியாத்தம் கவுண்டன்ய நதி, பொன்னை ஆறு எல்லாம் இதில்தான் வந்து சேர்கின்றன.

ஆண்டு முழுக்க ஓடும் ஆறு குப்பையைத் தினம் கொஞ்சமாகக் கடலுக்கு இழுத்துப் போகும். பாலாறு அப்படி இல்லை. வருடத்தில் பெரும்பகுதி காய்ந்து கிடந்து, மணலிலும் ஓடையிலும் குப்பையைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஐப்பசி கார்த்திகையில் வரும் சில நாள் வெள்ளத்தில் மொத்தமாக அனுப்பிவிடும். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெள்ளம் வடிந்த பிறகு கரையோரச் சீமைக் கருவேலத்தைப் பாருங்கள். தண்ணீர் எந்த உயரத்துக்கு வந்தது என்று யாரையும் கேட்க வேண்டாம், முள்ளில் மாட்டிய கவர்கள் கோடு போட்ட மாதிரி தொங்கும்.

கஷ்டமான ஆறுதான். ஆனால் குப்பை பொறுக்குகிறவனுக்கு இதைவிட வசதியான ஆறு கிடையாது. கடலுக்குப் போகவேண்டிய சரக்கு மாதக்கணக்கில் நம் கண்ணெதிரே, காய்ந்த தரையில், அசையாமல் கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கும். அதற்குள் எடுத்தது எடுத்ததுதான். அதனால் குழுவின் வருடாந்தரக் கெடு அக்டோபர் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடி, ஆவணியிலேயே சாயங்கால மழை பெய்து ஓடைகள் அசைய ஆரம்பிக்கும் என்பதால் ஜூலையிலேயே இறங்குவது இன்னும் நல்லது.

ஒரு எச்சரிக்கை. ஆற்றில் விழுந்த எல்லாமே கடலுக்குப் போவதில்லை. வாலாஜா அருகே உள்ள பாலாறு அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம் ஏரி போன்ற ஏரிகளுக்குத் தண்ணீர் பிரிகிறது, குப்பையும் கூடவே பிரியும். கொஞ்சம் மணலில் புதையும், கொஞ்சம் முள்ளில் மாட்டும். ஆகவே ‘நாங்கள் எடுத்த ஒவ்வொரு கிலோவும் கடலுக்குப் போகவிருந்தது’ என்று போஸ்டர் அடிக்காதீர்கள். ஏரிக்குப் போகாமல் நின்றதும் நல்லதுதானே.

ஆற்றில் வேலை செய்தால் கடலுக்குப் பயன் உண்டா என்று குழுவில் யாராவது கேட்டால் போயான் ஸ்லாட்டின் கதையைச் சொல்லுங்கள். நெதர்லாந்துக்காரர். 2013இல், 18 வயதில், நடுக்கடல் குப்பையை எடுக்கவென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். பசிபிக் நடுவில் பல வருடம் மல்லுக்கட்டிய அவர்களே 2019இல் ஆற்றில் நின்று குப்பையைப் பிடிக்கும் படகு ஒன்றை அறிமுகப்படுத்தினார்கள். அந்த அமைப்பின் ஆராய்ச்சியாளர்களும் பங்கேற்ற 2021ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, ஆறுகள் வழியாகக் கடல் சேரும் பிளாஸ்டிக்கில் 80 சதவீதத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகள் காரணம் என்றது. பெயர்பெற்ற பெரிய ஆறுகள் மட்டும் அல்ல, நகரங்களுக்குள் ஓடும் சின்ன ஆறுகளுக்கும் அதில் பெரிய பங்கு.

ஒரு கால்வாயைத் தத்தெடுங்கள், ஆற்றை அல்ல

பாலாறு முழுவதையும் சுத்தம் செய்கிறோம் என்று கிளம்பினால் இரண்டாவது வாரமே குழு கலைந்துவிடும். உங்கள் தெருவில் விழும் மழைத்தண்ணீர் எந்தக் கால்வாய்க்குப் போகிறது, அது எங்கே ஆற்றில் அல்லது ஏரியில் சேர்கிறது என்று நடந்தே போய்ப் பாருங்கள். செல்போன் வரைபடம் பாதிதான் காட்டும். மீதியைக் கால்வாயோரம் கடை வைத்திருப்பவர்கள் சொல்வார்கள். போகும்போது மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: குப்பை எங்கே கொட்டப்படுகிறது, எங்கே தேங்குகிறது, எந்த இடத்தில் ஆள் இறங்கி ஏற முடியும்.

சைக்கிளில் போகும் தூரத்தில் நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள். கால்வாய் ஆற்றில் சேர்கிற வாய்ப்பகுதியாக இருந்தால் ரொம்ப நல்லது. விருதம்பட்டுப் பக்கமோ, சத்துவாச்சாரிப் பக்கமோ, வாணியம்பாடியோ, எங்கே என்பது முக்கியமில்லை. மாதாமாதம் அதே நூறு மீட்டருக்குத் திரும்பி வருவதுதான் முக்கியம்.

அனுமதி, ஆள், சாமான்

கால்வாய் ஊருக்குள் இருந்தால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி. ஆறு, ஏரி என்றால் நீர்வளத் துறை. இரண்டு இடத்துக்கும் ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். வேலூர் மாநகராட்சியில் 60 வார்டுகள், உங்கள் வார்டு கவுன்சிலருக்கும் சுகாதார ஆய்வாளருக்கும் நேரில் தகவல் சொல்லிவிடுங்கள். எடுத்த குப்பையை ஏற்றிப்போக வண்டி எப்போது வரும் என்பதை அப்போதே பேசி முடியுங்கள். இது முடியாமல் வேலையை ஆரம்பித்தால், ஆற்றில் பரவிக் கிடந்த குப்பையை மூட்டையாகக் கட்டிக் கரையில் வைத்ததோடு கதை முடிந்துவிடும். அடுத்த மழை மூட்டையோடு சேர்த்துக் கொண்டுபோகும்.

கல்லூரி மாணவர்கள் என்றால் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரைப் பிடியுங்கள். அந்தத் திட்டத்தில் வருடத்துக்கு 120 மணி நேரம் சேவை கணக்கு காட்டியாக வேண்டும். அதில் பாதி இந்தக் கால்வாய்க்கே சரியாக இருக்கும்.

சாமான் அதிகம் வேண்டாம். முழங்கைவரை வரும் தடித்த ரப்பர் கையுறை (ஆஸ்பத்திரிக் கையுறை இல்லை, அது முள்ளுக்கே கிழிந்துவிடும்), மூடிய ஷூ, நீளமான இடுக்கி, பழைய கோணிச் சாக்குகள், ஒரு தொங்கு தராசு, முதலுதவிப் பெட்டி, வீட்டிலிருந்து குடிதண்ணீர். பேனர் வேண்டும் என்று யாராவது சொன்னால் துணியில் எழுதச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் ஒழிப்புக்கு ஃப்ளெக்ஸ் வைப்பதும், களப்பணிக்கு வந்தவர்களுக்கு பாட்டில் தண்ணீர் கொடுப்பதும் நம் ஊரில் இன்னும் நின்றபாடில்லை.

வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும். காலை 6 மணிக்கு ஆரம்பித்து 8.30க்குள் முடித்துவிடுங்கள். புதரில் கை விடுவதற்கு முன் கோலால் தட்டுங்கள், விரியன் இருக்கும். ஆற்றுமணலில் உடைந்த மது பாட்டில் இல்லாத இடமே இல்லை, அதனால் டெட்டனஸ் ஊசி போட்டிராதவர்கள் மேலே நின்று கணக்கு எழுதட்டும். ஊசி, ரத்தக்கறை பட்ட பஞ்சு, மருந்து பாட்டில் கிடந்தால் தொடாமல் இடத்தைக் குறித்து சுகாதார ஆய்வாளரிடம் சொல்லுங்கள். நிறம் மாறிய தண்ணீரில், தோல் தொழிற்சாலை வாடை அடிக்கும் தண்ணீரில் யாரும் கால் வைக்கக் கூடாது. மணல் அள்ளிய பள்ளத்தில் தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாது. 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெற்றோர் கடிதம் கட்டாயம்.

எடுப்பதைவிட எண்ணுவது பெரிய வேலை

என்னைக் கேட்டால், களப்பணியின் முதல் பயன் சுத்தம் இல்லை, கணக்குதான். நூறு மீட்டரைச் சுத்தம் செய்தால் இரண்டே வாரத்தில் பழையபடி ஆகிவிடும். ஆனால் அதில் என்ன கிடந்தது, எத்தனை கிடந்தது என்ற பட்டியல் கையில் இருந்தால் கடைக்காரர், கவுன்சிலர், கலெக்டர் ஆபீஸ் என்று எங்கும் பேசலாம்.

ஒரு தார்ப்பாயை விரித்து, சேர்ந்ததைக் கொட்டிப் பிரியுங்கள். கேரி பேக், உணவு கட்டிய தாள், குழம்பு சட்னி கட்டிய சின்னக் கவர், டீ கப், தண்ணீர் பாக்கெட், தண்ணீர் பாட்டில், பாட்டில் மூடி, சிப்ஸ் மற்றும் பான் மசாலா பாக்கெட், ஷாம்பு சாஷே, பால் கவர், தெர்மாகோல். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்கள் ரெக்சின், ஷூ சோல் துண்டுகளுக்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். எடை பார்ப்பதாக இருந்தால் சேறு போக உதறி, வெயிலில் காயவைத்த பிறகே தராசில் மாட்டுங்கள். ஈரக் கவரை நிறுத்தால் பாதி எடை பாலாற்றுச் சேறுதான்.

பாட்டில் மூடியைத் தனியாக எண்ணச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) என்ற வகைப் பிளாஸ்டிக் தண்ணீரைவிடக் கனமானது. மூடி திறந்து தண்ணீர் புகுந்தால் பாட்டில் அடியில் போய்விடும். மூடி வேறு வகைப் பிளாஸ்டிக், எப்போதும் மிதக்கும். மூடி இறுக்கிய காலி பாட்டிலும் மிதந்தே போகும். கேரி பேக், தெர்மாகோல் எல்லாம் மிதக்கிற ஜாதி. கடல்வரை போகக்கூடிய சரக்கு எது என்று உங்கள் பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நேரம் குறைவாக இருக்கும் நாளில் மிதப்பதை முதலில் எடுங்கள்.

செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை உலகம் முழுக்கக் கடற்கரைத் தூய்மை நாள். 1986இல் அமெரிக்காவின் டெக்சாஸில் தொடங்கியது, அங்கும் ஆரம்பம் முதலே எண்ணி எழுதுவதுதான் வழக்கம். நமக்கு அந்தத் தேதி அமைந்தது அதிர்ஷ்டம், பருவமழைக்கு ஒரு மாதம் முன்பு வருகிறது. பெரிய கூட்டம் சேர்ப்பதாக இருந்தால் அன்றைக்குச் சேருங்கள், ஆற்றங்கரையில்.

பிரித்ததை என்ன செய்வது? பாட்டில், கெட்டியான டப்பா, பால் கவர் ஆகியவற்றைக் காயலான் கடையில் எடுத்துக்கொள்வார்கள். சிப்ஸ் பாக்கெட், சாஷே, மெல்லிசுக் கவர் ஆகியவற்றை யாரும் வாங்க மாட்டார்கள். அதை மட்டும் தனி மூட்டையாகக் கட்டி உள்ளாட்சி வண்டியில் ஏற்றுங்கள். எரிக்காதீர்கள், குளிர்கால விடிகாலையில் கைகாய்வதற்குக்கூட.

கால்வாயில் தடுப்பு வைப்பது

இளைஞர்களுக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. ரொம்ப வம்பு வரும் பகுதியும் இதுதான்.

ஒரு ஆள் தாண்டக்கூடிய குறுகிய ஓடைக்குக் கம்பித் தடுப்பு போதும். வெல்டிங் பட்டறையில் இரண்டு அங்குல இடைவெளி விட்டு, ஏணி சாய்த்த மாதிரி சரிவாக நிற்கும்படி செய்யச் சொல்லுங்கள். தண்ணீர் வரும் பக்கம் கம்பியின் அடிமுனை, போகும் பக்கம் மேல்முனை. அப்போதுதான் கரையில் நின்றபடியே நீளமான வாரியால் குப்பையை மேலே இழுக்க முடியும். தரையை ஒட்டிக் கொஞ்சம் இடைவெளி இருந்தால் மண் தேங்காது. கழற்றித் தூக்கும்படி கொக்கியில் மாட்டுங்கள், சிமெண்ட் போட்டுப் புதைத்துவிடாதீர்கள்.

அகலமான கால்வாய்க்கு மிதவைத் தடுப்பு. இரு முனையும் அடைத்த பி.வி.சி. குழாய்களைக் கயிற்றில் கோத்து, அதிலிருந்து அரை அடி ஆழத்துக்குக் கம்பி வலை தொங்கவிட வேண்டும். தண்ணீர் அடியில் ஓடிப்போகும், மிதப்பது மட்டும் நிற்கும். நேர் குறுக்கே கட்டாமல் சாய்வாகக் கட்டினால் குப்பை தானே ஒரு கரைக்கு ஒதுங்கும், நீங்கள் தண்ணீரில் இறங்கவே வேண்டாம்.

எழுத்தில் அனுமதி இல்லாமல் ஒரு கம்பிகூட வைக்காதீர்கள். தடுப்பில் குப்பை அடைத்துக்கொண்டால் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகும். வேலூர் ஊருக்குள் ஓடும் நிக்கல்சன் கால்வாய் நிரம்பினால் என்ன ஆகும் என்று அதன் ஓரம் குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், கடலாமை பற்றிய உங்கள் பேச்சு எதுவும் அவர்களிடம் எடுபடாது. தினம் ஒருவர் வந்து வாரும்படி முறை போடுங்கள். கனமழை எச்சரிக்கை வந்த அன்றே தடுப்பைக் கழற்றிக் கரையேற்றுங்கள். இந்த இரண்டுக்கும் ஆள் இல்லையென்றால் இந்தப் படியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

கடை: பிரியாணி பார்சலைப் பிரித்துப் பாருங்கள்

நம் பக்கத்தில் பட்டியல் எடுத்தால் முன்னால் நிற்கப்போவது பார்சல்தான். ஒரு பிரியாணி பார்சலை மேஜைமேல் வைத்து நிதானமாகப் பிரியுங்கள். வெளியே கேரி பேக். உள்ளே பிளாஸ்டிக் பூசிய தாள், பல கடைகளில் இலைக்குப் பதில் இலை படம் அச்சடித்த தாள். கத்திரிக்காய்க்கு ஒரு கவர், தயிர் வெங்காயத்துக்கு ஒரு கவர், இரண்டுக்கும் ரப்பர் பேண்ட். ஸ்பூன் கொடுத்தால் அது வேறு. சாப்பிடப் பத்து நிமிடம், மிஞ்சியது அத்தனையும் கால்வாய்க்கு.

கடைக்காரரிடம் போய் சட்டம் பேசி ஆரம்பிக்காதீர்கள். சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது, ஆனால் அதைக் கடைசியில் எடுங்கள். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“பாய், பாத்திரம் கொண்டு வர்றவங்களுக்கு ஒரு கரண்டி சேர்த்துப் போடலாமே?”

“மொதல்ல பாத்திரத்தை எடுத்துட்டு வரச் சொல்லுங்க தம்பி. ஒண்ணு என்ன, ரெண்டு கரண்டி போடறேன்.”

அவர் சொல்வது நியாயம். ஆகவே வாடிக்கையாளரை, அவர் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே பிடிக்க வேண்டும். போனில் ஆர்டர் எடுக்கும் பையன் ‘பாத்திரம் கொண்டு வர்றீங்களா?’ என்று ஒரு வார்த்தை கேட்க ஒப்புக்கொண்டால் போதும். கல்லாவுக்கு மேலே துணியில் எழுதிய ஒரு பலகை. ஒரு கடை, ஒரு மாதம், எத்தனை பேர் பாத்திரம் கொண்டு வந்தார்கள் என்று ஒரு நோட்டு. அந்த நோட்டோடு அடுத்த கடைக்குப் போங்கள். டீக்கடையில் சூடான டீயைக் கவரில் கட்டிக் கொடுப்பதற்கும் இதே வழிதான், ஆபீஸ்களுக்கும் பட்டறைகளுக்கும் ஒரு தூக்கு அல்லது ஃபிளாஸ்க் வாங்க வையுங்கள். தைத்த மந்தாரை இலை, வாழை இலை எங்கே மொத்தமாகக் கிடைக்கும், என்ன விலை என்று விசாரித்து எழுதிக் கொடுத்தால் கடைக்காரர் உங்களை உட்காரவைத்தே பேசுவார்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருட்களுக்குத் தடை. கேரி பேக், உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல் எல்லாம் அதில் உண்டு. ‘இது கனமான மைக்ரான் தம்பி’ என்று சிலர் வாதாடுவார்கள். மாநிலத் தடை கேரி பேக்கின் தடிமனைப் பார்ப்பதில்லை. ஜவுளிக் கடைகளில் தரும், துணிபோலவே இருக்கும் நெய்யாத பையும் தடைப்பட்டியலில் இருக்கிறது. அதுவும் பிளாஸ்டிக்தான், நூல் பிரித்துப் பார்த்தால் நூலே வராது.

திருவிழாக்கள்

மயானக் கொள்ளைக்குப் பாலாற்று மணலில் கூடும் கூட்டம், குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. இரண்டும் ஆற்றை ஒட்டியே நடக்கின்றன, இரண்டிலும் மோர், பானகம், அன்னதானம். விழாவுக்கு ஒரு மாதம் முன்பே தண்ணீர்ப்பந்தல் போடுகிறவர்கள் யார் யார் என்று கண்டுபிடித்து, வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து எவர்சில்வர் டம்ளர் எடுத்துக் கொடுத்து, கழுவுவதற்கு உங்கள் ஆட்களை நிறுத்துங்கள். அறிவுரை சொன்னால் முறைப்பார்கள், டம்ளர் கழுவினால் அடுத்த வருஷம் அவர்களே கூப்பிடுவார்கள்.

அரசையும் கம்பெனிகளையும் கேள்வி கேட்பது

பாக்கெட்டில் அச்சடித்த கம்பெனிப் பெயர்களைத் தனியாக எண்ணி வையுங்கள். தயாரிப்பவர்களே தங்கள் பிளாஸ்டிக் உறையைத் திரும்பப் பெற்றுக் கையாள வேண்டும் என்று நாட்டில் விதி இருக்கிறது. உங்கள் பட்டியலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பி, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996இல் அழுத்தமாக நிலைநாட்டியது நம் பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில்தான், வேலூர் குடிமக்கள் நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கு. சட்டக் கல்லூரிகளில் நாடெங்கும் பாடமாக இருக்கும் அந்தத் தீர்ப்பை நம் ஊர்ப் பிள்ளைகள் ஒருமுறையாவது படித்திருக்க வேண்டும்.

கிராமம் என்றால் ஆகஸ்ட் 15 கிராம சபையை விட்டுவிடாதீர்கள். பருவமழைக்கு முன் கால்வாய் தூர்வார வேண்டும் என்று அன்று தீர்மானம் போட வைத்தால், அக்டோபர் 2 கிராம சபையில் ‘செய்தீர்களா’ என்று கேட்கலாம். நகரத்தில் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு நாள் இருக்கிறது. மனுவோடு ஒரு பக்கப் பட்டியலும் இரண்டு படமும் போதும்.

இதெல்லாம் சீக்கிரம் நடக்காது. இந்தோனேசியாவின் பாலித் தீவில் விஸன் சகோதரிகள் 12, 10 வயதில் பிளாஸ்டிக் பைக்கு எதிராகக் கிளம்பியது 2013இல், அந்தத் தீவில் தடை வந்தது 2019இல்.

மழைக்குப் பிறகு

மாமல்லபுரம் வேனை இப்போது பேசலாம், ஆனால் ஜனவரியில், வயலூர் முகத்துவாரத்துக்கு. அதே பட்டியல் தாளோடு நூறு மீட்டர் எண்ணுங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரைகளில் முட்டையிட ஏறும் காலம். மிதக்கும் கவரை ஜெல்லி மீன் என்று ஆமைகள் தின்றுவிடுவது உண்டு, கரையில் அவை செத்து ஒதுங்க முக்கியக் காரணம் இழுவலைதான் என்றாலும். சென்னையில் 1988 முதல் மாணவர்களே நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்புக் குழு ஒன்று இருக்கிறது. அவர்களோடு ஒரு ராத்திரி கரையில் நடந்துவிட்டு வந்தால், கால்வாய் வாரும் முறையில் யாரும் லீவு போடமாட்டார்கள்.

பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பவர்களுக்குத் தமிழக அரசு தரும் ‘மீண்டும் மஞ்சப்பை’ விருதுக்குப் பள்ளி, கல்லூரிகள் விண்ணப்பிக்கலாம், முதல் பரிசு 10 லட்சம் ரூபாய். மாதாமாதம் எழுதிய நோட்டு அங்கேதான் கைகொடுக்கும்.

கடைசியாக, கல்லூரிக் குழுக்கள் உடைவது மே மாதத்தில், இறுதியாண்டு மாணவர்கள் போனதும். மார்ச்சிலேயே இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் நோட்டு, முத்திரை வாங்கிய கடித நகல், தராசு, சுகாதார ஆய்வாளர் எண், தடுப்பின் சாவி ஆகியவற்றை ஒப்படைத்து, கால்வாய்க்கும் கடைக்கும் அவரை நேரில் கூட்டிப்போய் அறிமுகம் செய்துவையுங்கள். ஜூலையில் நூறு மீட்டரை எண்ணத் தொடங்க வேண்டியவர் அவர்.